இல்லாத கல்லூரிக்கு நடு ரேங்க்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் தாமஸ் பிரென்னன். பதவியை விட்டு வந்த பிறகு ஒரு குறும்பு செய்தார். சுமார் நூறு வக்கீல்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பி, அதிலிருந்த பத்து சட்டக் கல்லூரிகளைத் தரவாரியாக அடுக்கித் தரச் சொன்னார். ஹார்வர்ட், யேல் மாதிரி ஊரறிந்த பெயர்களும் இருந்தன, சுமாரான பெயர்களும் இருந்தன. பட்டியலில் பென் ஸ்டேட்டும் இருந்தது. வக்கீல்கள் அதை மேலேயும் வைக்கவில்லை, கீழேயும் தள்ளவில்லை. பத்தில் ஐந்தாவது வாக்கில், நடுவாந்திரமாக உட்கார வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில் பென் ஸ்டேட்டில் சட்டக் கல்லூரி என்ற ஒன்றே கிடையாது!

யாரும் பொய் சொல்லவில்லை. பென் ஸ்டேட் பெரிய பல்கலைக்கழகம், கால்பந்தில் பெயர் பெற்றது, அதற்கு ஒரு சட்டக் கல்லூரி இருந்தால் நடுத்தரமாகத்தான் இருக்கும் என்று வக்கீல்களின் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. வக்கீல்களுக்கே வக்கீல் படிப்பைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

சரி, இது ஒரு மனிதரின் குறும்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இதே வேலையைச் சிரிக்காமல், வருடா வருடம், ஒரு தொழிலாகவே செய்து வந்திருக்கிறது ஒரு பத்திரிகை. யு.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்ட் ரிப்போர்ட் 1983ல் முதன்முதலாகக் கல்லூரிகளுக்கு ரேங்க் போட்டது. முறை ரொம்ப எளிது: கல்லூரித் தலைவர்களிடம் எது நல்ல கல்லூரி என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1987ல் சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வந்தார்கள். 1990 முதல் சட்டக் கல்லூரிகளுக்கு வருடந்தோறும் ரேங்க் வர ஆரம்பித்தது. பிறகு பார் தேர்வில் எத்தனை பேர் பாஸ், எத்தனை பேருக்கு வேலை, நூலகம், செலவு என்று எண்களைச் சேர்த்துக்கொண்டு அறிவியல் மாதிரி ஒரு தோற்றம் கொடுத்தாலும், அடித்தளம் மாறவே இல்லை. 2022ல் வெளிவந்த பட்டியல் வரைக்கும் சட்டக் கல்லூரி மதிப்பெண்ணில் 40 சதவீதம் வெறும் "பேர்". 25 சதவீதம் மற்ற கல்லூரிகளின் அபிப்பிராயம், 15 சதவீதம் வக்கீல்கள், நீதிபதிகளின் அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் எப்படி வாங்கப்படுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் டீன் உட்பட நான்கு பேருக்கு ஒரு படிவம் போகும். அதில் அங்கீகாரம் பெற்ற நூற்றுத் தொண்ணூறு சொச்சம் கல்லூரிகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் 1லிருந்து 5 வரை மார்க் போட வேண்டும். நெப்ராஸ்காவில் உட்கார்ந்திருக்கும் ஒரு டீனுக்கு ஃப்ளோரிடாவில் ஒப்பந்தச் சட்டம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அந்தக் கல்லூரி போன வருடம் எத்தனையாவது ரேங்க் என்பது. அதைத்தான் மார்க்காகத் திருப்பித் தருகிறார். அந்த மார்க்கை வைத்து இந்த வருட ரேங்க் தயாராகிறது. அடுத்த வருடம் அதைப் பார்த்து இன்னொரு டீன் மார்க் போடுகிறார். மைக்கேல் பாஸ்டெடோ, நிக்கோலஸ் போமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட கட்டுரையில் கல்லூரித் தரவரிசையை வைத்து இதைத்தான் காட்டினார்கள். கல்லூரியின் தரத்தில் வரும் மாற்றங்களை எல்லாம் கழித்துப் பார்த்தாலும், பழைய ரேங்க் புதிய மதிப்பைத் தீர்மானிக்கிறது. கண்ணாடியைப் பார்த்துக் கண்ணாடி தலை வாரிக்கொள்கிற கதை.

இந்த மார்க்கைக் கூட்டக் கல்லூரிகள் செய்யும் செலவு தனிக் கூத்து. படிவம் போகும் பருவத்தில் டீன்களின் மேஜையில் வழவழ காகிதத்தில் அச்சடித்த கையேடுகள் மலையாகக் குவியும். "எங்கள் புதிய பேராசிரியர்களைப் பாருங்கள், எங்கள் புதிய கட்டடத்தைப் பாருங்கள்" என்று ஒவ்வொரு கல்லூரியும் மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பும். வென்டி எஸ்பலாண்ட், மைக்கேல் சாடர் என்ற சமூகவியலாளர்கள் சட்டக் கல்லூரிகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து 2016ல் ஒரு புத்தகமே போட்டார்கள். அதில் டீன்கள் படும் பாட்டைப் படித்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையே தேவலை என்று தோன்றும்.

பிரென்னன் விஷயத்துக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அவர் குறும்போடு நிற்கவில்லை. அவர் 1972ல் லான்சிங் நகரில் தாமஸ் கூலி சட்டக் கல்லூரி என்று ஒன்றைத் தொடங்கியவர். யு.எஸ். நியூஸ் பட்டியலில் அது கடைசி வரிசை. அதனால் அவர் தன் சொந்தத் தரவரிசையைக் கணக்கிட்டு வெளியிட ஆரம்பித்தார். நூலகத்தில் எத்தனை நாற்காலி, கட்டடம் எத்தனை சதுர அடி என்பதெல்லாம் அதில் சேர்த்தி. 2010 வாக்கில் வந்த பதிப்பில் ஹார்வர்ட் முதல் இடம். இரண்டாவது? கூலி! யேலும் ஸ்டான்ஃபோர்டும் அதற்குக் கீழே. அமெரிக்க சட்ட உலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் யு.எஸ். நியூஸ் செய்ததும் அதே வேலைதானே? எதை அளப்பது, எதற்கு எத்தனை சதவீதம் என்று தீர்மானிப்பது யாரோ ஒரு ஆசிரியர் குழு. நாற்காலி எண்ணிக்கைக்கு மார்க் கொடுத்தால் கோமாளித்தனம், ஒரு மாணவருக்கு ஆகும் செலவுக்கு மார்க் கொடுத்தால் ஆராய்ச்சி. 2022 வரை அந்தச் செலவுக்கு நிஜமாகவே மார்க் இருந்தது. ஒரு கல்லூரி சிக்கனமாக நடந்து கட்டணத்தைக் குறைத்தால் ரேங்க் இறங்கும், வாரி இறைத்தால் ஏறும். வாரி இறைக்கும் பணம் எங்கிருந்து வரும்? மாணவர் வாங்கும் கடனிலிருந்து. கூலியின் பட்டியலுக்கும் யு.எஸ். நியூஸ் பட்டியலுக்கும் ஒரே வித்தியாசம்தான். இரண்டாவது பட்டியலின் முடிவு ஏற்கெனவே எல்லோரும் நினைத்திருந்ததோடு ஒத்துப்போனது. ஹார்வர்டும் யேலும் மேலே வராத பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே அவை மேலே வரும்வரை சதவீதங்கள் சரி. இதற்குப் பெயர் அளவீடு என்கிறார்கள்.

இதுவரை சொன்னது வெறும் கேலிக்குரிய விஷயம். டீன்களின் தூக்கம் கெட்டால் யாருக்கு என்ன? வலிக்கிற இடம் வேறு. அது உதவித்தொகை.

சட்டக் கல்லூரியில் சேர எல்சாட் என்று ஒரு நுழைவுத் தேர்வு. 120லிருந்து 180 வரை மதிப்பெண். சேர்ந்த வகுப்பின் நடு மதிப்பெண், அதாவது எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவரின் மதிப்பெண், ரேங்க் கணக்கில் சேரும். நடு மதிப்பெண் என்பதால் ஒரு வினோதம் உண்டு. கல்லூரியின் குறி 165 என்றால், 164 வாங்கியவரும் 155 வாங்கியவரும் அதற்கு ஒன்றுதான், இருவரும் கோட்டுக்குக் கீழே. ஆனால் 164க்கும் 166க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே 166 வாங்கியவரை எப்படியாவது இழுக்க வேண்டும். எப்படி? பணம் கொடுத்துத்தான். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய உதவித்தொகை, மெல்ல மெல்ல எல்சாட் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கும் பரிசுத்தொகையாக மாறியது இப்படித்தான். அந்த மதிப்பெண் யாருக்கு அதிகம் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போக முடிந்தவருக்கு, தேர்வுக்கு முன்னால் நான்கு மாதம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து படிக்க முடிந்தவருக்கு.

இரவில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து 158 எடுத்த பிள்ளை முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டுகிறது. அந்தக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு, 168 எடுத்த டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகையாகப் போகிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதை இவ்வளவு கச்சிதமாக ஒரு நிர்வாகம் நடத்திக் காட்டியது இல்லை. இந்தப் பிள்ளையிடம் யாரும் வந்து "உன் பணத்தில் இவருக்குப் பரிசு கொடுக்கிறோம்" என்று சொல்லப் போவதும் இல்லை.

அந்த 168க்காவது நியாயம் நடந்ததா என்றால் அதுவும் பல இடங்களில் இல்லை. ரேங்க் கணக்கில் சேர்வது நுழையும்போது இருக்கும் மதிப்பெண் மட்டும். உள்ளே வந்த பிறகு அவர் என்ன ஆனால் என்ன? பல கல்லூரிகள் உதவித்தொகையை ஒரு நிபந்தனையோடு கொடுத்தன: முதல் வருட முடிவில் இத்தனை கிரேடு சராசரி இருந்தால்தான் தொடரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க சட்டக் கல்லூரிகளில் முதல் வருடம் மதிப்பெண் போடுவது ஒப்பீட்டு முறையில். வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் மேல் கிரேடு என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. உதவித்தொகை கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் அந்தக் கிரேடு கிடைக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. எல்லோருமே மாடு மாதிரி உழைத்தாலும் ஒரு பகுதியினர் இழந்தே தீர வேண்டும். நாற்காலி விளையாட்டில் ஒரு நாற்காலியை முன்பே எடுத்து வைத்துவிட்டு, உட்காராதது உன் தப்பு என்பது போல. 2011ல் இது பத்திரிகைகளில் நாறிய பிறகுதான், எத்தனை பேருக்கு நிபந்தனையோடு கொடுத்தார்கள், எத்தனை பேர் இழந்தார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கட்டாயமாக்கியது.

மற்ற தில்லுமுல்லுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். குறைந்த மதிப்பெண் மாணவர்களை மாலை வகுப்பில் சேர்த்துக் கணக்கிலிருந்து மறைத்தார்கள். 2009ல் யு.எஸ். நியூஸ் மாலை வகுப்பையும் எண்ண ஆரம்பித்ததும் அந்த வழி அடைபட்டது. வேலை கிடைக்காத சொந்த மாணவர்களுக்குக் கணக்கெடுக்கும் நாளை ஒட்டிச் சில வாரம் கல்லூரியிலேயே ஏதோ ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் வருடத்தில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவரின் எல்சாட் கணக்கில் வராது என்பதால், முதல் வருடம் கதவை மூடிவிட்டு இரண்டாம் வருடம் திறந்தார்கள். இதெல்லாம் சட்டப்படி குற்றமில்லை.

குற்றம் செய்தவர்களும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழக சட்டக் கல்லூரி 2011ல் சேர்த்த வகுப்பின் நடு எல்சாட் 168 என்று சொன்னது. உண்மையில் 163. சங்கம் 2012ல் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் பிசினஸ் ஸ்கூல் இன்னும் தைரியசாலி. அதன் ஆன்லைன் எம்.பி.ஏ. 2015லிருந்து 2018 வரை தொடர்ந்து நான்கு வருடம் யு.எஸ். நியூஸ் பட்டியலில் முதல் இடம். புதிதாகச் சேர்ந்த 255 பேரும் ஜிமேட் எழுதியவர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர்கள் 50 பேர்! டீன் மோஷே போரட் 2018ல் பதவி நீக்கப்பட்டார், 2021 நவம்பரில் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2022 மார்ச்சில் 14 மாதச் சிறையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும். நான்கு வருடமாக இந்த எண்களை வாங்கி அச்சடித்த பத்திரிகை, ஒரு முறைகூட சரிபார்க்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விடைத்தாளை மாணவனே திருத்திக்கொண்டு வந்து கொடுக்க, மார்க் மட்டும் ஆசிரியர் பெயரில் வெளியாகிறது.

இப்போது யேலுக்கு வருவோம். 2022 நவம்பர் 16 அன்று யேல் சட்டக் கல்லூரியின் டீன் ஹெதர் கெர்கன், இனி யு.எஸ். நியூஸ் தரவரிசைக்குத் தகவல் தர மாட்டோம் என்று அறிவித்தார். உதவித்தொகை தேவையானவருக்குப் போகாமல் மதிப்பெண்ணுக்குப் போகிறது, பொதுநல வேலைக்குப் போகிற மாணவர்களை இந்தக் கணக்கு தண்டிக்கிறது என்பது அவர் சொன்ன காரணங்கள். அன்றைக்கே ஹார்வர்டும் விலகியது. மறுநாள் பெர்க்லி. பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட் என்று நாற்பது கல்லூரிகளுக்கும் மேல். 2023 ஜனவரியில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் விலகியது. பத்திரிகைகள் புரட்சி என்றன.

என்ன புரட்சி? காரணங்கள் அத்தனையும் உண்மை. 2022லும் உண்மை, 2002லும் உண்மை. 1990 முதல் 2022 வரை ஒரு வருடம் விடாமல் முதல் இடத்தில் இருந்தது யேல்தான். அந்த முப்பது சொச்சம் வருடமும் இதே கணக்கு ஏழைப் பிள்ளையின் உதவித்தொகையைத் தின்றுகொண்டுதான் இருந்தது. விருந்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, இலையை மடக்கும்போது சமையல் சரியில்லை என்றால் என்ன அர்த்தம்? யேலுக்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை. 2022ல் கெடான்ஜி பிரவுன் ஜாக்சன் பதவியேற்றபோது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் யேல், நான்கு பேர் ஹார்வர்ட், மீதி ஒருவர் நோட்ர டாம். எந்தப் பத்திரிகை எந்த ரேங்க் போட்டாலும் யேல் மாணவருக்கு வேலை கிடைக்கும். தொண்ணூறாவது ரேங்கில் இருக்கும் ஒரு அரசுக் கல்லூரி இதே போல் விலகியிருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்து விண்ணப்பம் பாதியாகியிருக்கும். விலகும் வசதியும் பணக்காரக் கல்லூரிக்குத்தான்.

அப்புறம் நடந்தது இன்னும் வேடிக்கை. யு.எஸ். நியூஸ் அசரவில்லை. நீங்கள் தராவிட்டால் என்ன, வழக்கறிஞர் சங்கத்துக்கு நீங்கள் கொடுத்த எண்கள் பொதுவில் இருக்கின்றன என்று அதை எடுத்துக்கொண்டது. பேருக்கு 40 சதவீதம் என்பது 25 ஆனது, மாணவர் செலவுக்கான மார்க் போனது, வேலைக்கும் பார் தேர்வுக்கும் மார்க் கூடியது. கல்லூரிகளில் ஒரு செங்கல்கூட நகரவில்லை, கணக்கு மட்டும்தான் மாறியது. 2023 மே மாதம் பட்டியல் வந்தபோது பல கல்லூரிகள் மளமளவென்று ஏறி இறங்கியிருந்தன. யேல்? ஸ்டான்ஃபோர்டோடு சேர்ந்து முதல் இடம். விலகியும் விலகவில்லை.

பிசினஸ் ஸ்கூல் பக்கம் இதைவிட மோசம், ஆனால் அங்கே பரிதாபப்பட ஆள் குறைவு. ஒன்றைச் சொன்னால் போதும். ஃபைனான்ஷியல் டைம்ஸ் உலகத் தரவரிசையில் 2022ல் வார்ட்டன் முதல் இடம். 2023 பட்டியலில் வார்ட்டனே இல்லை, நூறாவது இடத்தில்கூட. 2024ல் மறுபடி முதல் இடம். நடுவில் கட்டடம் இடிந்துவிடவில்லை. கருத்துக் கணிப்புக்குப் போதுமான பழைய மாணவர்கள் பதில் அனுப்பவில்லை, அவ்வளவே. அதே பட்டியலில் பழைய மாணவரின் சம்பளத்தை அந்தந்த நாட்டின் வாங்கும் சக்திக்கு ஏற்ப டாலராக்குவார்கள். மும்பையில் வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் சந்தை மாற்று விகிதத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். 2001ல் தொடங்கிய ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் 2008லேயே உலகில் இருபதாவது இடத்துக்கு வந்ததில் இந்தப் பெருக்கலுக்கும் ஒரு பங்கு உண்டு. நல்ல கல்லூரிதான், சந்தேகமில்லை. ஆனால் "உலகில் இருபதாவது" என்று விளம்பரத்தில் பார்ப்பவர் இந்தப் பெருக்கலைப் பற்றி ஒருநாளும் கேள்விப்பட மாட்டார் :-)

தரவரிசைக்குக் கொடி பிடிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதத்துக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். ரேங்க் வருவதற்கு முன்னால் எது நல்ல கல்லூரி என்பது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது, குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கு பத்து டாலர் பத்திரிகையில் அது கிடைத்தது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த முதல் தலைமுறைப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது என்ன? எவ்வளவு கடன் ஆகும், எத்தனை பேர் பார் தேர்வு பாஸ் செய்தார்கள், எத்தனை பேருக்கு நிஜமான, நிரந்தரமான வக்கீல் வேலை கிடைத்தது, எந்த ஊரில். இதையெல்லாம் பிசைந்து ஒரே உருண்டையாக்கி "47" என்று எழுதினால், மறைவது அந்தப் பிள்ளைக்கு வேண்டிய தகவல்தான். 2009ல் வான்டர்பில்ட் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கைல் மெக்கென்டி, பாட்ரிக் லின்ச் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு அமைப்பைத் தொடங்கி, வேலைக் கணக்கைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள் என்று எல்லாக் கல்லூரிகளையும் குடைந்தார்கள். முதலில் ஒருவரும் மதிக்கவில்லை. சில வருடங்களில் சங்கமே அந்தப் பிரிப்பைக் கட்டாயமாக்கியது. ரேங்க் போடாமல் தகவல் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். யு.எஸ். நியூஸே 2024ல் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவதை நிறுத்திவிட்டு நான்கு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியது. எண் இல்லாததால் அமெரிக்காவில் டாக்டர் பஞ்சம் வந்துவிடவில்லை.

இது அமெரிக்கப் பத்திரிகைகளின் வியாபாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் பிரிட்டன் 2022 மே மாதம் தொடங்கிய விசாவைப் பார்க்க வேண்டும். வேலை கையில் இல்லாமலே இரண்டு வருடம் அங்கே போய் வேலை தேடலாம், முனைவர் பட்டம் என்றால் மூன்று வருடம். தகுதி: கடந்த ஐந்து வருடத்துக்குள் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பட்டம். எது பெரியது? தொடங்கியபோது இருந்த விதிப்படி, க்யூ.எஸ்., டைம்ஸ் ஹையர் எஜுகேஷன், ஷாங்காய் ஆகிய மூன்று பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் ஐம்பதுக்குள் இருந்தது. இதில் க்யூ.எஸ். பட்டியலில் அப்போது கல்வியாளர்களின் அபிப்பிராயத்துக்கு மட்டும் 40 சதவீதம். பென் ஸ்டேட்டை நடுவில் வைத்த அதே வகையான அபிப்பிராயம்தான். தொடங்கியபோது வந்த பட்டியலில் இந்தியாவிலிருந்து ஒரு நிறுவனமும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்தும் இல்லை, தென் அமெரிக்காவிலிருந்தும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வகுப்பில் முதலாவதாக வந்தவர் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பட்டியலில் உள்ள ஒரு கல்லூரியில் கடைசியாகத் தேறியவர் விண்ணப்பிக்கலாம். இருவரின் மதிப்பெண் சான்றிதழையும் லண்டனில் யாரும் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை.